ஒரு டிஸ்க் போனால் எல்லாம் போச்சா?



போன வருஷம் நம்ம கம்ப்யூட்டர் லேபில் ஒரு ஹார்டு டிஸ்க் 'டக் டக்'னு சத்தம் போட்டு நின்னு போச்சு. ஆண்டு விழா போட்டோக்கள் எல்லாம் அதோடு போயின. "இதுக்கு வழியே இல்லையா சார்?" என்று கேட்டேன். "ரெய்டு பத்திப் படிச்சிட்டு வா" என்றார். படித்ததை எழுதுகிறேன்.

ரெய்டு என்றதும் வருமான வரி ரெய்டுனு பயப்படாதீங்க! பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒரே டிஸ்க் போல வேலை வாங்குவதுதான் இது. 1988-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையில் இந்தப் பெயர் வந்தது. லினக்ஸில் இதற்குத் தனி கார்டு வேண்டாம், மென்பொருளே போதும்.

வகைகள் (500 ஜிபி டிஸ்க்குகள் என்று வையுங்கள்):

* ரெய்டு 0: 2 டிஸ்க், 1000 ஜிபி இடம். வேகம் அதிகம். ஆனால் ஒன்று கெட்டால் எல்லாமே காலி.
* ரெய்டு 1: 2 டிஸ்க், 500 ஜிபி இடம். இரண்டிலும் ஒரே தகவல்.
* ரெய்டு 5: 3 டிஸ்க், 1000 ஜிபி இடம். எந்த ஒன்று கெட்டாலும் தகவல் தப்பிக்கும்.

எப்படித் தப்பிக்கும்? முதல் டிஸ்க்கில் 1, இரண்டாவதில் 0 இருந்தால், மூன்றாவதில் 1 எழுதப்படும். அதாவது 1-களின் எண்ணிக்கை எப்போதும் இரட்டைப்படை. ஒன்றை மறைத்துவிட்டுக் கணக்குப் போடுங்க, விடை தானே வரும்!

செய்முறை:

1. எஃப்டிஸ்க் கட்டளையால் ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரே அளவு பார்ட்டிஷன் போட வேண்டும். கடைசியில் கொஞ்சம் இடம் விடுங்க. நாளைக்கு வாங்கும் புது டிஸ்க் ஒரு இம்மி குறைவாக இருக்கலாம். 2 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க் என்றால் ஜிபிடி அட்டவணை தேவை.
2. எம்டிஏடிஎம் கட்டளையால் அவற்றைச் சேர்த்தால் 'எம்டி0' என்ற புது டிஸ்க் கிடைக்கும்.
3. எம்டி0 மேல் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் போட்டு, மவுன்ட் செய்ய வேண்டும்.

வரிசை முக்கியம்! பார்ட்டிஷன் என்பது வரப்பு. ஃபைல் சிஸ்டம் என்பது பாத்தி. வயல்களை ஒண்ணா சேர்த்த பிறகுதானே பாத்தி கட்டணும்?

எச்சரிக்கை: வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்து பார்க்காதீங்க, உள்ளதெல்லாம் அழிந்துவிடும். விர்ச்சுவல் மெஷினில் பழகலாம்.

கடைசியா ஒரு உண்மை. லேபில் பழைய டிஸ்க் இரண்டை வைத்து ரெய்டு 1 போட்டேன். ஒரு வயரைப் பிடுங்கியும் ஃபைல்கள் அப்படியே இருந்தன. ஒரே பெருமை! திரும்ப மாட்டி, இரண்டும் சரியானது. மறுநாள் என் பிராஜெக்ட் ஃபோல்டரை நானே தவறுதலாக அழித்தேன். ரெய்டு விசுவாசமாக இரண்டு டிஸ்க்கிலும் அழித்துவிட்டது! சார் சிரித்தார்.

ரெய்டு, டிஸ்க் கெட்டால் காப்பாற்றும். நம்ம கை தவறினால் காப்பாற்றாது. அதனால் இன்னொரு இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள்!

– பதினோராம் வகுப்பு மாணவன்