இரைப்பைப் புற்றுநோய்: “ஒப்பரேஷன் வேண்டாம்” என்றால் கைவிட்டதாக அர்த்தமா?

“எப்படியாவது ஒப்பரேஷன் செய்து கட்டியை எடுத்துவிட்டால் போதும்.” இரைப்பைப் புற்றுநோய் முற்றிய நிலையில் கண்டறியப்படும் வீடுகளில் முதலில் கேட்கும் பேச்சு இதுதான். வைத்தியர் சத்திரசிகிச்சை தேவையில்லை என்று சொல்லிவிட்டால், “கைவிட்டுவிட்டார்கள்” என்று குடும்பம் உடைந்து போகிறது. பிறகு ஊரில் வசூல் செய்து, தனியார் வைத்தியசாலை, இந்தியா என்று அலைகிறார்கள்.

நான் வைத்தியன் அல்லன். கந்தப்பளையில் ஒரு பாடசாலை ஆசிரியன். ஆங்கிலம் வாசிக்கத் தெரியும் என்பதால் ரிப்போர்ட்டுகளோடு என்னிடம் வருகிறார்கள். அப்படி வாசித்து விளங்கிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

‘முற்றிய நோய்’ என்ற ஒரே சொல்லில் இரண்டு நிலைகள் அடங்கியுள்ளன. முதலாவது, கட்டி இரைப்பைச் சுவரை ஊடுருவி அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களைத் தொட்ட நிலை. இங்கே குணமாகும் வாய்ப்பைத் தருவது சத்திரசிகிச்சைதான். ஆனால் பல நேரங்களில் முதலில் கீமோ, பிறகு சத்திரசிகிச்சை, அதன்பின் மீண்டும் கீமோ என்பதே ஒழுங்கு. இந்த ஒழுங்கில் இரண்டு மருந்துச் சேர்க்கைகளை ஒப்பிட்ட ஜேர்மனிய ஆய்வொன்று 2019இல் வெளியானது. ‘ஃப்ளொட்’ என்ற புதிய சேர்க்கையைப் பெற்றவர்களில் பாதிப்பேர் 50 மாதங்களைக் கடந்து வாழ்ந்தார்கள். பழைய சேர்க்கையில் அது 35 மாதங்கள். ஆகவே “ஒப்பரேஷனைத் தள்ளிப்போடுகிறார்கள்” என்று கோபப்படத் தேவையில்லை.

இரண்டாவது, ஈரலுக்கோ வயிற்றுச் சவ்வுக்கோ நோய் பரவிவிட்ட நிலை. ஜப்பான், கொரியா, சிங்கப்பூர் வைத்தியசாலைகளில் இத்தகைய 175 நோயாளர்களிடம் நடந்த ‘ரெகாட்டா’ ஆய்வு 2016இல் வெளியானது. கீமோ மட்டும் பெற்றவர்களில் 31.7 சதவீதமானோர் இரண்டு வருடங்களுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். இரைப்பையை அகற்றிப் பின் கீமோ பெற்றவர்களில் அது 25.1 சதவீதம். அகற்றியதால் ஆயுள் கூடவில்லை. இரைப்பையை இழந்தவர் சாப்பிட முடியாமல் மெலிகிறார். பலவீனமான உடல் கீமோவைத் தாங்குவதும் கஷ்டம். இரத்தக்கசிவையோ உணவுப்பாதை அடைப்பையோ போக்கச் செய்யும் சத்திரசிகிச்சை வேறு விடயம். அது வேதனையைக் குறைக்கச் செய்வது.

அடுத்து, ரிப்போர்ட்டில் உள்ள குறியீடுகள். அவற்றில் ஒரு வகை எந்த மருந்து பொருந்தும் என்று சொல்பவை. பயொப்சி எடுத்த சதைத் துண்டில் ‘ஹெர்-2’ என்ற புரதம் அதிகமாக இருந்தால் ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்து உதவும். 2010இல் வெளியான ஆய்வில் கீமோவோடு அதையும் சேர்த்தபோது சராசரி ஆயுட்காலம் 11.1 மாதத்திலிருந்து 13.8 மாதமாக உயர்ந்தது. ‘எம்.எஸ்.ஐ.’, ‘பி.டி.-எல்1’ ஆகியவை நோயெதிர்ப்பு மருந்துகள் பலன் தருமா என்பதைக் காட்டுபவை.

இன்னொரு வகை நோயின் போக்கை உணர்த்துபவை. இரத்தத்தில் ‘சி.ஈ.ஏ.’, ‘சி.ஏ. 19-9’ ஆகியவை உயர்ந்திருப்பதும், அல்புமின் குறைந்திருப்பதும், சாதாரண இரத்தப் பரிசோதனையில் நியூட்ரோபில் கூடி லிம்போசைட் குறைந்திருப்பதும் நல்ல அறிகுறிகள் அல்ல. ஆனால் இவை பலரைப் பார்த்துக் கணித்தவை. முன்னோடிப் பரீட்சையின் புள்ளியை வைத்து ஒரு பிள்ளையின் இறுதிப் பெறுபேற்றை நான் உறுதியாகச் சொல்ல முடியாது. அதுபோலத்தான் இதுவும். ஆயுளின் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது.

மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க கதீஜா பவுண்டேஷன் முன்னின்று நிதி திரட்டியபோது இன, மத பேதமின்றி மக்கள் கொடுத்தார்கள். நோய் உடலில் எங்கெல்லாம் பரவியுள்ளது என்று பார்க்க உதவும் இயந்திரம் அது. நம் மக்களுக்குக் கொடுக்கும் மனம் இருக்கிறது. கொடுக்கும் பணம் சரியான இடத்துக்குப் போக வேண்டும்.

ஆகவே வசூலுக்கு முன் வைத்தியரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். நோய் பரவியுள்ளதா? ஹெர்-2 பரிசோதனை செய்யப்பட்டதா? இந்தச் சத்திரசிகிச்சை குணப்படுத்தவா, வேதனையைக் குறைக்கவா? சிகிச்சையைத் தாங்க நோயாளியின் உடலில் பலம் உண்டா?

இந்த நிலைக்கு வராமலிருக்க ஒரு வழியும் உண்டு. நம் பகுதியில் வயிற்று எரிச்சல் என்றால் “கேஸ்ட்ரிக்” என்று பாமசியில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கும் கடைக்கும் போய்விடுகிறோம். காரணமில்லாமல் உடல் மெலிதல், விழுங்கக் கஷ்டம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைதல், கறுப்பாக மலம் போதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் எண்டோஸ்கோபி தேவையா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை.

படித்த இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் நோயாளி கிளினிக் போகும் நாளில் ஒருவராவது கூடப் போங்கள். வைத்தியர் சொல்வதைக் கேட்டு, எழுதிக்கொண்டு வந்து, அந்தக் குடும்பத்துக்கு விளங்கும் தமிழில் சொல்லுங்கள்.