தாடை எலும்பு மறையும் நோய்

கோர்ஹம்–ஸ்டவுட் நோய் என்பது எலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து, அவ்விடத்தில் மெல்லிய இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் நார்த்திசுவும் நிறையும் மிக அரிய நோயாகும். 'மறையும் எலும்பு நோய்' என்றும் இதனை அழைப்பர். 1838இல் பாஸ்டன் மருத்துவர் ஜாக்சன், மேற்கை எலும்பு கரைந்துபோன ஒருவரைப் பற்றி எழுதினார். 1955இல் கோர்ஹம், ஸ்டவுட் ஆகிய இருவர் 24 நோயாளர்களின் விவரங்களைத் தொகுத்து, இது தனி நோய் என்று காட்டினர். எந்த எலும்பிலும் வரலாம். கீழ்த்தாடை அடிக்கடி பாதிக்கப்படும் இடங்களுள் ஒன்று. இது தொற்றுநோய் அன்று.

நோயறிதல்

தாடையில் இந்நோய் பெரும்பாலும் பல் ஆட்டமாகவே தொடங்கும். அதனால் ஈறுநோய் எனக் கருதிப் பல்லைப் பிடுங்கிவிடுவதும் உண்டு. ஈறு ஓரளவு நன்றாக இருக்க, இளம் வயதினருக்குப் பற்கள் வரிசையாக ஆடினால் ஐயப்பட வேண்டும். முகவாய் ஒருபக்கம் கோணலாம். சாதாரணமாக மெல்லும்போதே தாடை முறியலாம்.

முழுத்தாடை எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. ஆகியவை எவ்வளவு எலும்பு போயிருக்கிறது என்று காட்டும். ஏன் போனது என்று சொல்லா. இரத்தப் பரிசோதனை முடிவுகளும் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். எனவே புற்றுநோய், சீழ்த்தொற்று, பாராதைராய்டு சுரப்பிக் கோளாறு முதலியவற்றை ஒவ்வொன்றாக விலக்கியே முடிவுக்கு வருகின்றனர். திசுத் துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது இன்றியமையாதது. அதில் புற்று அணுக்கள் இன்றி, மெல்லிய சுவர்க் குழாய்கள் பெருகியிருப்பது தெரியும்.

சிகிச்சை

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சிகிச்சை இல்லை. சிறுநீரக மாற்று நோயாளிகளுக்குத் தரப்படும் சிரோலிமஸ், நிணநீர்க் குழாய்ப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதால் இதற்கும் பயன்படுகிறது. எலும்பு அரிப்பைத் தடுக்கச் சோலெட்ரோனிக் அமிலம் ஊசிவழி தரப்படும். ஆனால் இதே மருந்து அரிதாகத் தாடை எலும்பையே அழுகச் செய்யும் என்பதால், முன்னதாகப் பற்களைச் சீர்செய்துகொள்வது நல்லது. கதிர்வீச்சும் சிலருக்குப் பலன் தந்துள்ளது. வளரும் குழந்தைகளுக்குத் தரத் தயங்குவர்.

கரைந்த தாடைக்குப் பதிலாகக் காலின் சிம்பு எலும்பை வைத்துக் கட்டலாம். இங்கே அவசரம் கூடாது. நோய் அடங்குமுன் வைத்தால் புதிய எலும்பும் கரைந்துவிடக்கூடும். சிலரிடம் நோய் தானாகவே நின்றுவிடுகிறது. ஆயினும் போன எலும்பு பெரும்பாலும் திரும்ப வளர்வதில்லை.

தாடையோடு நின்றால் உயிருக்கு ஆபத்து குறைவு. விலா, முதுகெலும்புப் பகுதிகளுக்கும் பரவி, நிணநீர் மார்பில் தேங்கினால் மூச்சுத் திணறும். அப்போது உடனடி மருத்துவம் தேவை.