அறுபதுக்கு மேல் மாரியோ

மதுரை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எனக்கு 67 வயது. லீவுக்கு வந்த பேரன் வீடியோ கேம் ஆடக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனான். இப்போது மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒரு மணி நேரம் அதில்தான் போகிறது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, எனக்கே ஒரு கூச்சம். மூளைக்கு நல்லது, மறதி வராது என்று யூடியூபில் சொல்கிறார்களே, உண்மைதானா?"

கூச்சத்துக்கு முதலில் பதில்: அது தேவையே இல்லை. ஜப்பானில் ஹமாகோ மோரி என்ற பாட்டி, கேம் ஆடிக் காட்டும் உலகின் மிக மூத்த யூடியூபர் என்று 90 வயதில் கின்னஸில் இடம்பிடித்தார். அதே நாட்டின் அகிடா பகுதியில் அறுபதைக் கடந்தவர்களே சேர்ந்து ஆடும் 'மட்டாகி ஸ்னைப்பர்ஸ்' என்ற போட்டி அணி இருக்கிறது. அடுத்து மறதி. கடையில் வாங்கும் எந்த வீடியோ கேமும் மறதி நோயைத் தடுக்கும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை. அடித்துச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். ஆனால் நினைவின் ஒரே ஒரு வேலையில், சிலவகை கேம்கள் கைகொடுக்கக்கூடும் என்பதற்கு நல்ல தடயங்கள் கிடைத்திருக்கின்றன. மூளை செய்யும் வேலைகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான் என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காலை மாத்திரையை எடுத்துக்கொள்வோம். "இன்றைக்குப் போட்டேனா, இல்லையா?" வயதானவர்கள் இருக்கும் வீடுகளில் அன்றாடம் எழும் கேள்வி. மாத்திரையை விழுங்கியது ஞாபகம் இருக்கிறது. தண்ணீர் டம்ளர், சாப்பாட்டு மேசை, ஜன்னல் வெளிச்சம் எல்லாமே ஞாபகம் இருக்கிறது. அது இன்றைய காலையா, நேற்றைய காலையா என்பதுதான் பிடிபடவில்லை. ஒரே மாதிரியான இரண்டு காலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன.

இந்தக் கோளாறை அளக்க, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் கிரெய்க் ஸ்டார்க்கின் ஆய்வுக் குழு எளிய சோதனை ஒன்றை வைத்திருக்கிறது. நாற்காலி, பொம்மை, பழம் என்று அன்றாடப் பொருள்களின் படங்களை வரிசையாகக் காட்டுவார்கள். பிறகு இன்னொரு வரிசை. அதில் சில முன்பு பார்த்த அதே படங்கள், சில முற்றிலும் புதியவை, சில முன்பு பார்த்ததைப் போலவே இருக்கும் வேறு படங்கள். அதே படத்தை 'பார்த்ததுதான்' என்று சொல்வதில் முதியவர்கள் இளைஞர்களுக்குச் சளைத்தவர்கள் அல்ல. கால் கொஞ்சம் வேறு மாதிரி வளைந்த இன்னொரு நாற்காலியைக் காட்டினால்தான் தடுமாற்றம். அதையும் 'பார்த்ததுதான்' என்றே சொல்லிவிடுகிறார்கள்.

ஒன்றுபோல இருப்பவற்றைப் பிரித்து நினைவில் வைக்கும் இந்த வேலை நடக்கும் இடம், மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி. அதன் வாசலில் டென்டேட் கைரஸ் என்ற பகுதி இருக்கிறது. அது செய்வதை நம் தெருச் சலவைத் தொழிலாளியை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். நாற்பது வீட்டு வெள்ளை வேட்டிகள் அவரிடம் வரும். பாதிக்கு மேல் ஒரே கடையில் எடுத்தவை. சேராங்கொட்டைச் சாற்றைத் தொட்டு வேட்டியின் ஓரத்தில் ஒரு குறி போடுவார். எத்தனை முறை வெளுத்தாலும் அது போகாது. இரண்டு வேட்டிகள் எவ்வளவுக்கு எவ்வளவு ஒன்றுபோல இருக்கின்றனவோ, அவ்வளவுக்கு அவ்வளவு அவற்றின் குறிகள் வேறுபட்டாக வேண்டும். ஒன்றுக்கு மூன்று புள்ளி போட்டால் மற்றதற்குக் கோடும் வட்டமும். டென்டேட் கைரஸ் செய்வதும் இதுவே. எலியின் மூளையில் இந்தப் பகுதியில் சுமார் 10 லட்சம் நரம்புச் செல்கள். இவற்றுக்குச் செய்தி அனுப்பும் செல்களோ அதில் ஐந்தில் ஒரு பங்குதான். வந்து சேரும் வேட்டிகளைவிடக் குறிகளின் கையிருப்பு பல மடங்கு. போதாததற்கு, ஒரு நேரத்தில் நூற்றில் ஒரு சில செல்களே துடிக்கின்றன. இவ்வளவு பெரிய கையிருப்பிலிருந்து இவ்வளவு சிக்கனமாக எடுப்பதால், ஏறக்குறைய ஒரே மாதிரியான இரண்டு அனுபவங்களுக்கும் ஒன்றோடொன்று மோதாத இரண்டு குறிகள் கிடைத்துவிடுகின்றன.

அடுத்த அறை சிஏ3. இங்கே வேலை நேர் எதிரானது. ஓரத்துக் குறியின் பாதி தெரிந்தாலே போதும். எந்த வீடு, அங்கே எத்தனை பேர், போன பொங்கலுக்கு என்ன போட்டார்கள் என்பதுவரை சலவைத் தொழிலாளி சொல்லிவிடுவார். ஒரு துணுக்கிலிருந்து முழு நினைவை வரவழைப்பது சிஏ3. வயதாக ஆக, டென்டேட் கைரஸுக்கு வரும் செய்தி மெலிகிறது, சிஏ3 தேவைக்கு மேல் துடிக்கிறது. அதாவது குறி போடும் மை தண்ணீராகிவிட்டது. வீடுகளைப் பற்றிய ஞாபகமோ முன்னைவிட ஓங்கி நிற்கிறது. மங்கலான குறியைப் பார்த்ததுமே "இது கோடி வீட்டு வேட்டி" என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். பத்து வருஷமாக அதே நாலு வீட்டுத் துணிதான் வருகிறது என்றால் புதுக் குறி போட வேண்டிய தேவையும் வருவதில்லை, கை அந்தப் பழக்கத்தை விட்டுவிடுகிறது. தெருவுக்குப் புதுக் குடித்தனம் வர வேண்டும். அதுவும் பழைய வீட்டு வேட்டியையே உடுத்துகிற குடித்தனமாக இருக்க வேண்டும். அப்போதுதான் மையை மறுபடி காய்ச்சுவார்.

இனி 1996-ல் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மாரியோ 64-ஐப் பார்க்கலாம். ஒரு கோட்டை, சுவர்களில் ஓவியங்கள். ஓவியத்துக்குள் குதித்தால் ஓர் உலகம். மொத்தம் 15 உலகங்கள், 120 நட்சத்திரங்கள். எனக்கு இதில் பிடித்தது, ஒரே உலகத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருப்பது. முதல் உலகத்தில் முதல் தடவை மலையுச்சிக்கு ஏறி அங்கிருக்கும் வெடிகுண்டு ராஜாவோடு மல்லுக்கட்ட வேண்டும். அடுத்த தடவை அதே உச்சிக்கு ஓர் ஆமையோடு ஓட்டப்பந்தயம். இன்னோர் உலகத்தில், ஓவியத்தின் எந்த உயரத்தில் குதிக்கிறோமோ அதைப் பொறுத்து உள்ளே தண்ணீர் மட்டம் மாறும். மற்றொன்றில் நுழையும் வழியைப் பொறுத்து அதே தீவு பூதாகாரமாகவோ குட்டியாகவோ ஆகிவிடும். அதே இடம், கொஞ்சம் வேறு. ஸ்டார்க்கின் நாற்காலிச் சோதனையை யாரோ ஒரு பெரிய விளையாட்டுத் திடலாகக் கட்டிவைத்தது மாதிரி இருக்கிறது.

மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் கிரெக் வெஸ்ட் குழு 55 முதல் 75 வயது வரையிலான 33 பேரைச் சேர்த்து 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஒரு பிரிவினர் ஆறு மாதம், வாரத்தில் ஐந்து நாள், தினம் அரை மணி நேரம் சூப்பர் மாரியோ 64 ஆடினார்கள். இன்னொரு பிரிவினர் பியானோ கற்றார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. மாரியோ ஆடியவர்களுக்கு ஹிப்போகேம்பஸில் சாம்பல் பொருள் (நரம்புச் செல்கள் செறிந்த திசு) கூடியிருந்தது. எதுவும் செய்யாதவர்களுக்கு அங்கே குறைந்திருந்தது. 2020-ல் ஸ்டார்க் குழு 60 முதல் 80 வயதுக்காரர்களை நான்கு வாரம் ஆடவைத்துப் பார்த்தது: கம்ப்யூட்டரில் தனியாக ஆடும் சீட்டாட்டம் நினைவுக்கு ஒன்றும் செய்யவில்லை, சூப்பர் மாரியோ செய்தது, ஆட்டத்தை நிறுத்திய பிறகும் அந்தப் பலன் சில வாரம் தங்கியது.

இங்கே நிதானம் வேண்டும். 33 பேர் என்பது மூன்று பிரிவுக்கும் சேர்த்து. பியானோ கற்றவர்களுக்கும் மூளையின் வேறு பகுதியில் சாம்பல் பொருள் கூடியது, ஆகவே கேமுக்கு மட்டுமே உரிய மகிமை என்று இதைக் கொண்டாட முடியாது. ஸ்கேனில் பகுதி பெரிதாவது ஒன்று, மாத்திரை போட்டோமா என்று சரியாக ஞாபகம் வருவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை இன்னும் யாரும் முழுதாகக் கடக்கவில்லை. இன்னும் பெரிய ஆய்வு ஒன்றும் இருக்கிறது, அதில் கேமே கிடையாது: 120 முதியவர்களைப் பங்கேற்கவைத்து அமெரிக்காவில் நடந்து 2011-ல் வெளியானது. ஒரு வருஷம் வாரம் மூன்று நாள் வேகமாக நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்தது. நடைப்பயிற்சியை விட்டுவிட்டு கன்ட்ரோலரைப் பிடிப்பதாக இருந்தால் வேண்டாம் என்பேன்.

வரலாற்றுக்கு ஒரு பத்தி போதும். 1987-லேயே முதியவர்களை பாக்-மேன் ஆடவைத்து, முடிவெடுக்கும் வேகம் கூடுகிறதா என்று பார்த்திருக்கிறார்கள். 2005-ல் ஜப்பானியப் பேராசிரியர் ரியூட்டா கவாஷிமாவின் பெயரில் நின்டெண்டோ 'மூளைப் பயிற்சி' கேமை விற்கத் தொடங்கியதும் இது பெரிய வியாபாரமானது. 2010-ல் பிபிசி துணையோடு 11,430 பேரைச் சோதித்தபோது, பயிற்சி எடுத்த விளையாட்டில் எல்லோரும் தேறினார்கள். அதற்கு வெளியே தேறவில்லை. 2016-ல் இத்தகைய கேம்களை விற்ற லுமோசிட்டி நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்பதுபோல ஏமாற்றும் விளம்பரம் செய்த வழக்கில் 20 லட்சம் டாலர் கட்டி சமரசம் செய்துகொண்டது. மறுபக்கம் ஒரு நல்ல செய்தி: அமெரிக்காவில் 65 வயதைத் தாண்டிய 2,832 பேரிடம் நடந்த ஆக்டிவ் என்ற ஆய்வில், திரையில் மின்னி மறைவதை விரைந்து கண்டுபிடிக்கும் பயிற்சி பெற்றவர்களுக்கு மறதி நோய் ஏற்படும் வாய்ப்பு 29 சதவீதம் குறைவு என்று 2017-ல் கணக்கிட்டார்கள். நினைவுப் பயிற்சி என்ற பெயரிலேயே பயிற்சி பெற்ற பிரிவுக்கு அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. எந்தப் பயிற்சி என்பதுதான் முக்கியம், 'மூளைக்கு' என்ற ஒட்டுச்சீட்டு முக்கியமல்ல.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மாரியோ ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இடது கட்டைவிரல் மாரியோவை நடத்த, வலது கட்டைவிரல் கேமராவைத் திருப்ப. இரண்டையும் சேர்த்து ஓட்டுவதுதான் முதலில் பெரும்பாடு. மாரியோ தாவும்போது அவரும் சோபாவில் எழும்பி உட்கார்ந்தார். ஒடுங்கிய பாலத்திலிருந்து விழுந்தார், மறுபடி விழுந்தார். அடுத்த தடவை பாலத்துக்கு முன்பே நின்று, கேமராவை மெல்லச் சுற்றிவிட்டு, கண்களைச் சுருக்கிப் பார்த்தார். பேரனுக்குப் பொறுக்கவில்லை. "பாட்டி, லெஃப்ட்ல போங்க, லெஃப்ட்ல!" அவர் திரும்பாமலே சொன்னார்: "சும்மா இருடா. வழியை நானே பார்த்துக்கறேன்."

அவர் சொன்னது சரி. ஓர் இடத்தில் வழி கண்டுபிடிக்க மூளைக்கு இரண்டு உபாயங்கள் உண்டு. எது எங்கே இருக்கிறது என்று மனதுக்குள் வரைபடம் போடுவது ஹிப்போகேம்பஸின் உபாயம். இரண்டாவது வளைவில் இடது, அப்புறம் வலது என்று பழக்கத்தால் போவது காடேட் என்ற வேறு பகுதியின் உபாயம். வெஸ்டின் குழு இளைஞர்களை வைத்து நடத்தி 2017-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், இரண்டாவது உபாயத்தை நம்புகிறவர்கள் துப்பாக்கி கேம்களை 90 மணி நேரம் ஆடியபோது ஹிப்போகேம்பஸின் சாம்பல் பொருள் குறைந்திருந்தது. ஆகவே 'கேம் நல்லது' என்று பொதுவாகச் சொல்வதும் தப்பு, 'கேம் கெட்டது' என்பதும் தப்பு.

வாசகிக்குச் செய்முறையாகச் சொல்ல வேண்டுமானால்: முப்பரிமாண கேம்களில் கேமரா வேகமாகச் சுழன்றால் சிலருக்குக் குமட்டும், செட்டிங்ஸில் கேமரா வேகத்தைக் குறைத்துவைத்து, அறை விளக்கைப் போட்டுக்கொண்டு ஆடுங்கள். கட்டைவிரல் மூட்டு வலித்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆய்வுகளில் ஆடியது தினம் அரை மணியிலிருந்து முக்கால் மணிதான். ஒரு மணி நேரத்துக்கு மேல் போக வேண்டிய அவசியம் இல்லை. 120 நட்சத்திரமும் கிடைத்துவிட்டால் அதையே முதலிலிருந்து ஆடாமல் வேறு உலகம் உள்ள கேமுக்குப் போங்கள். இப்போதைய கேம்கள் பலவற்றில் திரையின் மூலையில் ஒரு குட்டி வரைபடமும், போக வேண்டிய பக்கம் காட்டும் அம்புக்குறியும் இருக்கும். அணைக்க வசதி இருந்தால் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.