ஆங்கில இலக்கிய வகுப்பும் ஆங்கில மொழியும்

கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்துக் கொள்ளும் மாணவர்களிடம் அதற்குக் காரணம் கேட்டால், பலர் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ஆங்கிலம் சரளமாக வரும், வேலைக்கு உதவும் என்பதே அவர்களுடைய விடை. இவர்களில் கணிசமானோர் பள்ளியில் தாய்மொழி வழியே பயின்றவர்கள். விண்ணப்பம் ஒன்றைப் பிழையின்றி எழுதத் திணறும் மாணவர், மில்டனின் நடைச் சிறப்பை ஆராய்ந்து ஐந்து பக்கம் எழுத வேண்டியவராகிறார். அவர் மூல நூலை விடுத்து ‘நோட்ஸ்’ வாங்கச் செல்வதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் என்று கூறுவது நியாயமன்று.

மொழியையும் இலக்கியத்தையும் ஒன்றெனக் கருதும் இவ்வழக்கம் பழமையானது. 1817-இல் தொடங்கப்பெற்ற கல்கத்தா இந்துக் கல்லூரியில் 1830-களில் ஷேக்ஸ்பியர் முறையாகக் கற்பிக்கப்பட்டார். 1835-இல் ஆங்கிலக் கல்விக்கு ஆதரவாக அரசு முடிவெடுத்தது. 1857-இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக் கழகங்கள் தோன்றின. ஆக்ஸ்போர்டிலோ ஆங்கிலத்துக்கெனத் தனிப் பட்டப் படிப்பு 1894-இல்தான் ஏற்பட்டது! இங்கே அப்பாடத்தின் நோக்கம் ஆட்சிக்கு உதவும் படித்த வகுப்பாரை உருவாக்குவது. நூல்களைப் படித்தால் மொழி தானாக வந்துவிடும் என்று எண்ணினர். நாளெல்லாம் ஆங்கிலச் சூழலில் பழகிய சிலருக்கு அது வந்தது. அச்சூழல் இல்லாதோருக்கு வரவில்லை.

விடுதலைக்குப் பின் மொழிப் பயிற்சியைத் தனியே கவனிக்கும் முயற்சிகள் தோன்றின. 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிலையம் நிறுவப்பட்டது. அதுவே 1972-இல் பிற அயல்மொழிகளையும் சேர்த்துக் கொண்டு, பின்னர் 2007-இல் மத்தியப் பல்கலைக் கழகமாயிற்று. 1964-66-இல் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு ஆங்கிலத்தை ‘நூலக மொழி’ என்ற நிலையில் வைத்துப் பார்த்தது. அதாவது, அறிவு நூல்களைப் படித்துணரப் பயன்படும் மொழி. 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில இடங்களிலும் என். எஸ். பிரபு சில பள்ளிகளில் நடத்திய சோதனை இன்னும் ஆழமானது. இலக்கண விதியை முன்வைக்காமல், ரயில் கால அட்டவணையையும் தெருப் படத்தையும் கொடுத்து மாணவர்களைக் கணக்கிடச் செய்தார். கவனம் பொருளின்மீது இருக்கும்போது இலக்கணம் உள்ளே படிகிறது என்பது அவர் கொள்கை. இவ்வகைப் பயிற்சி இலக்கியப் பட்ட வகுப்புகளில் போதிய அளவு இடம் பெற்றதாகக் கூற இயலாது.

அப்படியானால் இலக்கியத்தைக் குறைத்து மொழிப் பயிற்சியை மட்டும் வைத்துக் கொள்ளலாமே என்று சில அலுவலர்கள் கேட்பதுண்டு. அதை ஏற்பதற்கில்லை. தாய்மொழி வழிப் பயின்ற மாணவர் இலக்கிய வகுப்புக்குள் வெறுங்கையோடு வருவதில்லை. அவருக்கென ஒரு முதல் உண்டு. ‘ஹாம்லெட்’ நாடகத்தின் மூன்றாம் அங்கத்தில் தாய் மகனை ஒருமையில், ‘தௌ’ என்று அழைத்துக் கடிந்து கொள்கிறாள். மகன் அவளுடைய சொற்களையே திருப்பி, ஆனால் ‘யூ’ என்ற மரியாதைப் பன்மையில் விடையிறுக்கிறான். சினமுற்ற தாயும் உடனே ‘யூ’வுக்கு மாறிவிடுகிறாள். இன்றைய ஆங்கிலத்தில் இவ்வேறுபாடு மறைந்துவிட்டதால் ஆங்கிலேய மாணவருக்கே இதற்கு அடிக்குறிப்பு தேவை. ‘நீ’, ‘நீங்கள்’ என்று நாள்தோறும் தேர்ந்து பேசும் தமிழ் மாணவருக்கும், ‘து’, ‘தும்’, ‘ஆப்’ என மூன்று படி அறிந்த இந்தி மாணவருக்கும் அந்த மரியாதையில் ஒளிந்துள்ள குளிர்ச்சி எளிதில் புரியும். கேட்டால்தான் புரியும்; வகுப்பில் யாரும் கேட்பதில்லை என்பதே குறை.

தாய்மொழி துணைவராத இடங்களும் உண்டு. ‘ஏ’, ‘தி’ என்னும் சிறு சொற்களுக்கு நேரானவை நம் மொழிகள் பலவற்றில் இல்லை. நாம் வேற்றுமை உருபாலோ பின்னுருபாலோ உணர்த்துவதை ஆங்கிலம் பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும் சொற்களால் உணர்த்துகிறது. சொல்லின் எந்த அசையில் அழுத்தம் விழும் என்பதும் நம் காதுக்குப் பழக்கமற்றது. இவற்றுக்குத் தனிப் பயிற்சியே மருந்து. கவிதை நயம் பாராட்டுவதால் இவை திருந்தமாட்டா.

ஆங்கிலம் கற்பித்தவர்கள் நம் மொழிகளுக்குச் செய்த தொண்டு தனியே எண்ணத்தக்கது. மைசூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த பி. எம். ஸ்ரீகண்டய்யா 1920-களில் ஆங்கிலக் கவிதைகளைக் கன்னடத்தில் ஆக்கி, நவீன கன்னடக் கவிதைக்கு வழி திறந்தார். அலகாபாத் பல்கலைக் கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த ஃபிராக் கோரக்புரி உருதுவிலும், ஹரிவன்ஷ்ராய் பச்சன் இந்தியிலும் பெருங்கவிஞர்களாயினர். யு. ஆர். அனந்தமூர்த்தி ஆங்கிலத்தில் ஆராய்ச்சி செய்ய பர்மிங்ஹாம் சென்றிருந்தபோது எழுதியது ‘சம்ஸ்காரா’ என்னும் கன்னட நாவல். இவர்களெல்லாம் இரு மொழிகளையும் அருகருகே வைத்துப் படித்தவர்கள். நம் வினாத்தாள்களில் அதற்கு இடம் அரிது. ஒரு பத்தியைத் தாய்மொழியில் பெயர்த்து, எந்தச் சொல்லில் ஏன் தயங்கினீர் என்று விளக்குமாறு ஒரு வினா அமையுமானால், அதற்கான விடை எந்த ‘நோட்ஸ்’ புத்தகத்திலும் கிடைக்காது.