ஊர் திரும்பும்போது வாயில்லாச் சீவனும் கூட வரலாம்

இடம்பெயர்வு என்று சொல்லும்போது நாம் மனிதரைப் பற்றித்தான் பேசுகிறோம். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் வீதியில் இறங்கியபோதும், 2006 இல் நாங்கள் மன்னாரிலிருந்து படகேறியபோதும், அவிழ்த்துவிட்ட மாடுகளும் வாசலில் படுத்திருந்த நாய்களும் பின்னால் நின்றன. அவற்றுக்கு ஓர் ஒழுங்கு செய்ய எமக்கு அவகாசம் கிடைக்கவில்லை. ஆனால் ஊர் திரும்புவதற்கு நாள் குறிக்கலாம். முன்கூட்டியே ஆயத்தம் செய்யலாம். அந்த ஆயத்தத்தில் வளர்ப்புப் பிராணிக்கும் ஓர் இடம் கொடுக்க முடியும் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2021 இல் தமிழ்நாட்டு அரசு வெளியிட்ட கணக்கின்படி, அங்கு 108 முகாம்களில் 58,822 இலங்கைத் தமிழர் வாழ்ந்தார்கள். நானும் அம்மாவும் மகளும் 2017 வரை திருச்சி மாவட்டத்து முகாமொன்றில் இருந்தோம். முகாம் வாழ்வை அறிந்த பெண்களுக்கு, அங்கு நாய் எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. மலசலகூடம் வீட்டிலிருந்து தூரத்தில் இருந்தது. இரவில் விளக்கில்லை. மகள் பெரியவளான பிறகு, மணி என்ற எங்கள் நாட்டு நாய் முன்னால் நடக்க, அவள் பின்னால் போவாள். அது வாசலில் நின்று, அவள் வெளியே வந்ததும் கூடத் திரும்பும். ஆண்துணை இல்லாத எங்கள் வீட்டுக்கு அதுவே காவல்.

ஊர் திரும்பப் பதிந்தபோது, "மனிசருக்கே போக வழியைக் காணேல்லை, உனக்கு நாயைக் கொண்டுபோக வேணுமோ?" என்று அம்மா கேட்டார். சுற்றத்தாரும் அதையே சொன்னார்கள். மகளோ, மணி வராவிட்டால் தானும் வரவில்லை என்று சாப்பாட்டை ஒதுக்கினாள். அவள் கைக்குழந்தையாக முகாமுக்கு வந்தவள். நாங்கள் 'ஊர்' என்று சொல்வது அவளுக்கு அந்நிய இடம். அந்த இடத்துக்கு அவளுக்குத் தெரிந்த ஒன்றாவது கூட வரட்டும் என்று நான் தீர்மானித்தேன்.

முதலில் கடதாசி

நாயையோ பூனையையோ கடல்கடந்து கொண்டுபோவதில் பெரிய வேலை கடதாசி வேலைதான். இரண்டு நாடுகளின் அனுமதியும் வேண்டும். இலங்கைக்குள் பிராணிகளைக் கொண்டுவருவது 1992 ஆம் ஆண்டின் 59 ஆம் இலக்க விலங்கு நோய்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. இறக்குமதி அனுமதிப்பத்திரத்தை வழங்குவது பேராதனையில் தலைமையகம் கொண்ட கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம். மன்னாரில் இருந்த என் தங்கை எங்களுக்காக விண்ணப்பித்தாள். அனுமதிப்பத்திரம் கைக்கு வந்த பின்னரே நாயை விமானத்தில் ஏற்ற வேண்டும்.

இந்தியப் பக்கத்தில், பயணத்துக்குச் சில நாட்களின் முன் மிருக வைத்தியரின் உடல்நலச் சான்றிதழ் எடுக்க வேண்டும். அதைக் கொண்டு மத்திய அரசின் விலங்குத் தொற்றுத்தடைக் காப்பு அலுவலகத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் பெற வேண்டும். இந்த அலுவலகம் எல்லா ஊரிலும் இல்லை. தமிழ்நாட்டில் உள்ளவர்களுக்குச் சென்னையில் இருக்கிறது. ஆகவே திருச்சியிலிருந்து மணியைச் சென்னைக்குக் கொண்டுபோனோம்.

இடையில் ஒரு தரகர், அனுமதிப்பத்திரம் எதுவும் தேவையில்லை, பணத்தைத் தந்தால் தானே அனுப்பிவைப்பதாகச் சொன்னார். அப்படிச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். கடதாசி இல்லாமல் வந்து இறங்கும் பிராணியைத் திருப்பி அனுப்பவோ தடுத்து வைக்கவோ அதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு. அதன் துன்பம் வாயில்லாச் சீவனுக்குத்தான்.

ஊசியும் இலக்கமும்

இத்தனை கட்டுப்பாட்டுக்கும் முக்கிய காரணம் விசர்நாய்க்கடி நோய். மனிதருக்கு இந்நோய் வருவது பெரும்பாலும் நாய்க்கடியினால்தான். அறிகுறி தோன்றிய பின் உயிர் பிழைப்பது மிக அரிது. நோய்க் கிருமி உடலில் புகுந்து அறிகுறி காட்டப் பொதுவாக இரண்டு மூன்று மாதம் செல்லும். அதனால் பார்வைக்குச் சுகமாக இருக்கும் நாய்க்கும் தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள். பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டு வரை, வெளிநாட்டிலிருந்து வந்த நாய்களை ஆறு மாதம் தனியே அடைத்து வைத்த பிறகே உள்ளே விட்டார்கள்.

முதலில் நாயின் தோலுக்கடியில் அரிசிமணி அளவான ஒரு சில்லை ஊசியால் ஏற்றுவார்கள். அதிலுள்ள 15 இலக்க எண்தான் நாயின் அடையாள அட்டை. அதன் பிறகே விசர்நாய்த் தடுப்பூசி போடுவது நல்லது. அப்போதுதான் தடுப்பூசி அட்டையில் அந்த எண்ணையும் எழுதலாம். ஊசி போட்ட மறுநாளே புறப்பட முடியாது. எதிர்ப்புச் சக்தி உருவாகச் சில வாரங்கள் செல்லும். நாய்களுக்கு வரும் மற்றத் தொற்றுநோய்களுக்கான ஊசிகளும் உண்டு. எது எது வேண்டும் என்று அனுமதிப்பத்திரத்தில் எழுதியிருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பயணத்துக்கு ஐந்தாறு மாதம் முன்பே தொடங்குவது நிம்மதி.

பெட்டியும் பயணமும்

விமானப் பெட்டி, நாய் தலை முட்டாமல் நிற்கவும், சுற்றித் திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் போதியதாக இருக்க வேண்டும். காற்று வர வழியும் தண்ணீர்ப் பாத்திரமும் அவசியம். நாங்கள் ஒரு மாதம் முன்பே பெட்டியை வீட்டில் வைத்து, மணிக்கு அதற்குள்ளேயே சாப்பாடு வைத்தோம். மகளின் பழைய சட்டையொன்றை உள்ளே விரித்தோம். சில நாட்களில் அது தானாகவே போய்ப் படுக்கத் தொடங்கியது. அமைதியாக இருக்கட்டும் என்று மயக்க மருந்து கொடுக்கக் கூடாது. பறக்கும்போது மூச்சும் இரத்த ஓட்டமும் பாதிக்கப்படலாம்.

எங்கள் பயணச்சீட்டை ஐ.நா. அகதிகள் நிறுவனம் ஏற்றது. மணியின் செலவு எங்களுடையது. தையல் கூலியில் ஒன்றரை வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அதற்குப் போனது. நாங்கள் வந்து நான்கு நாட்களின் பின், சென்னையில் இருந்த அண்ணன் மணியைச் சரக்காக ஏற்றிவிட்டார். கட்டுநாயக்காவில் அதிகாரி ஒரு கருவியைக் கழுத்தோரம் பிடித்து எண்ணைப் படித்தார். கடதாசியில் இருந்த எண்ணோடு அது ஒத்திருந்தது. பெட்டியைத் திறந்தபோது மணி குரைக்கவில்லை. மகளின் மடியில் தலையை வைத்து நடுங்கியது. தண்ணீர் காட்டிய பிறகு மன்னாருக்கு வானில் கொண்டுவந்தோம்.

வந்த பிறகும் வேலை உண்டு. புதிய இடத்தில் நாய் மிரண்டு ஓடும் என்பதால் இரண்டு வாரம் கட்டி வைத்தோம். உள்ளூராட்சி மன்றத்தில் பதிந்தோம். தடுப்பூசியை வருடாவருடம் போடுகிறோம்.

கொண்டுவர முடியாதவர்களுக்கு

எல்லோராலும் இது முடியாது. முகாமில் நாங்கள் வளர்த்த ஆடுகளையும் கோழிகளையும் விற்றுவிட்டே வந்தோம். அயல்வீட்டு அக்காவிடம் ஒரு பச்சைக்கிளி இருந்தது. அக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதே இந்தியாவில் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதைக் கொண்டுவர வழியே இல்லை. இன்னொரு குடும்பத்தின் நாய்க்குப் பன்னிரண்டு வயது. மூச்சு வாங்கும். அதைப் பயணத்தில் ஏற்றாமல், அதோடு பழகிய ஓர் ஆச்சியிடம் ஒப்படைத்தார்கள். ஒரு மாதம் முன்பே ஆச்சி வீட்டில் அதைப் படுக்கவிட்டுப் பழக்கினார்கள். தடுப்பூசி அட்டையையும் அது தின்னும், தின்னாத உணவின் விபரத்தையும் எழுதிக் கொடுத்தார்கள். இரவோடிரவாக அவிழ்த்துவிட்டுப் போவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

சகோதரிகளே, உங்கள் உறவினர் யாரேனும் இந்தியாவிலிருந்தோ வேறு நாட்டிலிருந்தோ திரும்ப எண்ணினால், பிராணி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். விதிகள் காலத்துக்குக் காலம் மாறும். ஆகவே உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேட்டு, இன்றுள்ள விதியை அறிந்து அவர்களுக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தை இங்கிருந்து நீங்களே போடலாம். என் தங்கை போட்ட அந்த ஒரு விண்ணப்பத்தால்தான், இன்று என் மகள் மாலை வகுப்பு முடிந்து வரும் வழியில் துணையோடு வருகிறாள்.