பக்க வருமானம் தேடுவோர் அறிய வேண்டிய சட்டப் பாதுகாப்புகள்

மாதச் சம்பளம் வாடகைக்கும் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்துக்கும் கடன் தவணைக்குமே தீர்ந்துவிடும் குடும்பங்களில், எஞ்சிய நேரத்தைக் கொண்டு சிறு தொகை ஈட்ட விரும்புவது முற்றிலும் நியாயமான நாட்டம். அந்த நாட்டத்தையே குறிவைத்து இயங்கும் மோசடிக் கும்பல்கள்தாம் கண்டனத்துக்குரியவை. பகுதிநேர வேலை, முதலீடு ஆகியவற்றின் பெயரால் ஏமாற்றிய 100-க்கும் மேற்பட்ட இணையதளங்கள் 2023 டிசம்பரில் முடக்கப்பட்டபோது, ஓய்வுபெற்றோரும் பெண்களும் வேலையற்ற இளைஞர்களுமே அவற்றின் முதன்மை இலக்கு என்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் தெரிவித்தது. இருக்கும் சேமிப்பும் சொற்பமாக உள்ளவர்களே இவ்வாறு குறிவைக்கப்படுகின்றனர் என்பதால், இத்தகைய மோசடியில் இழக்கப்படும் தொகை சிறியதாயினும் அதன் காயம் பெரியது.

இம்மோசடிகளில் மிகப் பரவலானது 'டாஸ்க்' எனப்படும் முறை. வாட்ஸ்அப்பில் அறிமுகமில்லா எண்ணிலிருந்து ஒரு செய்தி வருகிறது. யூடியூப் காணொளிக்கு விருப்பக்குறி இடுவது, ஓட்டலுக்கு ஐந்து நட்சத்திர மதிப்பீடு அளிப்பது போன்ற எளிய பணிக்கு நூறோ இருநூறோ ரூபாய் தருவதாக அது கூறுகிறது. முதல் தொகை உண்மையாகவே வங்கிக் கணக்கில் வந்து சேர்வதுதான் இம்முறையின் சூட்சுமம். ஐயத்தோடு தொடங்கியவரும் அதன்பின் நம்பத் தொடங்குகிறார். அடுத்து அவர் டெலிகிராம் குழு ஒன்றில் சேர்க்கப்படுகிறார். அங்கே பிற உறுப்பினர்களாகத் தோன்றுவோர், பெரும்பாலும் அதே கும்பலின் ஆட்கள், தாங்கள் பெற்ற தொகையின் திரைப்பிடிப்புகளை மணிக்கொரு முறை பதிவிட்டுக்கொண்டிருப்பர். பிறகு 'ப்ரீபெய்டு டாஸ்க்', அதாவது முன்பணம் செலுத்திச் செய்யும் பணி, அறிமுகமாகிறது: ஆயிரம் ரூபாய் கட்டினால் ஆயிரத்து முந்நூறு என்று சிலமுறை திருப்பித் தரப்பட்டபின், கட்ட வேண்டிய தொகை பத்தாயிரமாகவும் ஐம்பதாயிரமாகவும் ஏறுகிறது. லாபம் சேர்ந்துகொண்டே போவதாகக் கும்பலின் இணையப் பக்கம் காட்டும். ஆனால் அது திரையில் தட்டச்சு செய்யப்பட்ட எண்ணேயன்றி எந்த வங்கியிலும் இருக்கும் பணமன்று. எடுக்க முயலும்போது, பணியில் பிழை நேர்ந்தது, மதிப்பெண் குறைந்தது, வரி கட்டினால்தான் தொகை விடுவிக்கப்படும் என்று புதுப்புதுக் கோரிக்கைகள் எழுகின்றன. கட்டிய பணத்தை மீட்கவே மேலும் பணம் கட்டும் அவலத்துக்கு அவர் தள்ளப்படுகிறார்.

இவ்விடத்தில் ஓர் அடிப்படை விதியைத் தெளிவாக அறிதல் வேண்டும். ஊதியத்தின் மீது பிடித்தம் செய்யப்பட வேண்டிய வரியை, ஊதியம் வழங்குபவரே அத்தொகையிலிருந்து கழித்து அரசுக்குச் செலுத்துவார். அவ்வாறு செலுத்தியது, பெற்றவரின் நிரந்தரக் கணக்கு எண்ணின்கீழ் வருமான வரித் துறையின் பதிவில் தெரியும். ஊதியம் பெறுபவர் முன்கூட்டியே வேறொருவரின் யுபிஐ முகவரிக்கு வரி அனுப்ப வேண்டும் என்னும் நடைமுறை இந்தியச் சட்டத்தில் இல்லை. வேலை செய்பவரிடம் பணம் கேட்கும் வேலை, எந்தப் பெயரில் வந்தாலும், வேலையன்று.

தரவுப் பதிவு வேலை என்ற பெயரில் நடப்பது வேறு வகை. பணியை முடித்துக் கொடுத்தவரிடம் பிழைகள் மிகுதி என்றும் ஒப்பந்தம் மீறப்பட்டது என்றும் கூறி, வழக்கறிஞர் அறிவிப்பைப் போன்ற தாளை அனுப்பி, ஆயிரக்கணக்கில் அபராதம் கேட்கின்றனர். இதற்கு அஞ்சிப் பணம் கட்டுவோர் பலர். ஏமாற்றிப் பெறப்பட்ட ஒப்பந்தத்தைச் செல்லாததாக்கும் உரிமை, ஏமாற்றப்பட்டவருக்கு 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 19-ஆம் பிரிவின்படி உண்டு. உண்மையான ஒப்பந்த மீறலிலும்கூட நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கோர இயலாது என்று அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு வரையறுக்கிறது. அந்த இழப்பீட்டையும் நீதிமன்றமே தீர்மானிக்கும். தொலைபேசியில் மிரட்டுபவர் அல்லர்.

இவற்றினும் ஆபத்தானவை இரண்டு. முதலாவது, வங்கிக் கணக்கை 'வாடகைக்கு' விட்டால் கமிஷன் தருவதாகக் கூறும் அழைப்பு. பிறரிடமிருந்து பறித்த பணத்தைக் கடத்துவதற்குப் பயன்படும் இத்தகைய கணக்கு 'மியூல் அக்கவுண்ட்' எனப்படுகிறது. பணப் பாதையைத் தொடர்ந்து வரும் காவல்துறை முதலில் வந்து நிற்பது அக்கணக்கின் உரிமையாளர் வீட்டு வாசலில்தான். இரண்டாவது, ஆள்சேர்ப்புக்குப் பணம் தரும் சங்கிலித் திட்டம். பரிசுச்சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் (தடை) சட்டம், 1978, இதை நடத்துவோரை மட்டுமன்றி, உறுப்பினராகச் சேர்ந்து பங்கேற்போரையும் குற்றவாளிகளாகக் கருதுகிறது என்பது பலரும் அறியாத செய்தி. உறவினரையும் அண்டை வீட்டாரையும் சேர்த்துவிட்டவர், பணத்தையும் நட்பையும் இழந்தபின் வழக்கையும் எதிர்கொள்ள நேரலாம்.

தீர்வைப் பொறுத்தவரை, ஒரு வேறுபாட்டை உணர்தல் இன்றியமையாதது. கணக்கு உரிமையாளர் அறியாமல், அவரது பிழையும் வங்கியின் பிழையும் இன்றி மூன்றாம் நபரால் பணம் எடுக்கப்பட்டு, வங்கி தெரிவித்த மூன்று வேலை நாட்களுக்குள் அவர் புகாரளித்தால் அவருக்கு இழப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் விதி வகுத்தது. 'டாஸ்க்' மோசடியிலோ பணத்தை அனுப்புபவர் தாமே கடவு எண்ணை இட்டு அனுப்புகிறார். ஆகவே அந்த விதியின் பாதுகாப்பை நம்பிக் காத்திருக்க இயலாது. அவருக்கு உள்ள வலிமையான கருவி வேகமே. இணையக் குற்ற உதவி எண்ணான 1930-இல் உடனே புகாரளித்தால், பணம் சென்ற வங்கிக்குத் தகவல் அனுப்பப்பட்டு, அங்கே எஞ்சியுள்ள தொகை நிறுத்திவைக்கப்படும். அது வேறு வங்கிக்கு நகர்ந்திருந்தால் அவ்வங்கிக்கும் தகவல் தொடரும். மோசடிக்காரர்கள் பணத்தைப் பல கணக்குகளுக்குப் பிரித்துவிடுவதால், 'நாளை வங்கிக்குப் போய்க் கேட்கலாம்' என்று தள்ளிப்போடும் இரவே பெரும்பாலும் இழப்பை உறுதியாக்குகிறது.

அழைக்கும்போது ஒவ்வொரு பரிமாற்றத்தின் பன்னிரண்டு இலக்க யுபிஐ குறிப்பு எண்ணும், தேதியும், தொகையும் கையிலிருத்தல் நலம். வெட்கத்தினாலும் சினத்தினாலும் உரையாடல்களை அழித்துவிடுவது சான்றையே அழிப்பதாகும். குழுவிலிருந்து வெளியேறுமுன் அவற்றைப் படமெடுத்து வைக்க வேண்டும். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் முதல் தகவல் தரும் உரிமையைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அளிக்கிறது. பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலமாக அனுப்பலாம், அதன்பின்னும் பயனில்லையேல் நீதித்துறை நடுவரை அணுகலாம். ஏமாற்றிச் சொத்தைப் பறித்தலுக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவு ஏழாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. நிறுத்திவைக்கப்பட்ட தொகையைத் திரும்பப் பெற நடுவர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். 'பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று முன்கட்டணம் கேட்டு வருபவர் இரண்டாம் முறை ஏமாற்றவே வருகிறார்.

வழக்கறிஞருக்குச் செலவிட வசதியில்லை என்பதற்காக எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி பெண்கள் அனைவருக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குறைந்த வருமானமுள்ளோர் ஆகியோருக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100.