உங்களுக்குத் தெரியுமா? தட்டிவிட்டால் காய் பிடிக்கும் கத்தரி!

கத்தரிப் பூவின் மஞ்சள் மகரந்தப்பைகள் பிளந்து திறப்பதில்லை. உப்புக் குப்பிபோல, நுனியில் உள்ள சிறு துளை வழியேதான் மகரந்தம் உதிரும். அதற்குப் பூ அதிர வேண்டும். மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும் கருவண்டு, பூவைக் கவ்விக்கொண்டு ‘விர்ர்’ என்று உடலை அதிரவைத்து மகரந்தத்தைக் கொட்டச் செய்யும். தேனீக்களுக்கு இந்த வித்தை வராது. காற்றும் வண்டும் நுழையாத பசுமைக்குடிலில், காலையில் பூக்காம்பை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள்.

● எல்லாப் பூவும் காய்க்காது. சூல்தண்டு மகரந்தப்பைகளைத் தாண்டி வெளியே நீட்டியிருந்தால் நன்றாகக் காய் பிடிக்கும். குட்டையாக உள்ளேயே இருந்தால் பூ உதிர்ந்துவிடும்.

● நுனிக்குருத்து மட்டும் வாடித் தொங்கினால், பெரும்பாலும் அது தண்டு மற்றும் காய்த் துளைப்பான் புழுவின் வேலை. வாடிய இடத்துக்குக் கீழே கிள்ளி அழித்துவிடுங்கள்.

● வேலூர் இலவம்பாடி முள் கத்தரிக்காய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.